கத்தி வைப்பதற்கு முன்பே முடிவாக வேண்டியவை: நரம்புக் கட்டிகள் குறித்து ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் அரசு, தனியார் மருத்துவமனைகளில் அறுவைச் சிகிச்சை செய்யும் மருத்துவர்களுக்கும், மக்கள் நல்வாழ்வுத் துறையில் பொறுப்பு வகிப்போருக்கும்,

வணக்கம்.

நான் கை மறுவாழ்வுச் சிகிச்சையில் பல ஆண்டுகளாகப் பணியாற்றிவரும் பிசியோதெரபிஸ்ட். விபத்தில் நரம்பு அறுபட்டவர்கள், இயந்திரத்தில் விரல் சிக்கியவர்கள், தொழுநோயால் விரல்கள் மடங்கிப்போனவர்கள் எனப் பலதரப்பட்டவர்கள் என்னிடம் வருகிறார்கள். அவர்களுக்கு நடுவே, எண்ணிக்கையில் குறைவானாலும் மனத்தை அதிகம் உறுத்துகிறவர்கள் ஒரு சாரார் உண்டு. நரம்பில் வளர்ந்த, புற்றுநோய் அல்லாத பெரிய கட்டியை அகற்றிக்கொண்ட பிறகு, அந்தக் கட்டி இருந்தபோது நன்றாகவே இயங்கிக்கொண்டிருந்த கை செயலிழந்த நிலையில் வருகிறவர்கள் அவர்கள். விபத்தைத் தடுத்திருக்க முடியுமா என்பது பல நேரங்களில் யார் கையிலும் இல்லை. இவர்களுடைய இழப்பில் பெரும்பகுதியைத் தடுத்திருக்க முடியும் என்பதால்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

என் வேண்டுகோள் ஒன்றுதான். நரம்பிலிருந்து எழுந்திருக்கலாம் என்று ஐயப்படத்தக்க எந்தப் பெரிய கட்டியானாலும், அதை எடுக்கும்போது நரம்பை எப்படிக் காப்பது, காக்க முடியாமல் போனால் எதைக் கொண்டு எப்படி மீட்டமைப்பது என்ற திட்டம், மைக்ரோ சர்ஜரி (மைக்ரோஸ்கோப்பின் கீழ் நுண்ணிய நரம்பையும் ரத்தக்குழாயையும் தைக்கும் அறுவை) தெரிந்த குழுவின் துணையோடு, முதல் கீறலுக்கு முன்பே முடிவாகியிருக்க வேண்டும். அப்படிப்பட்ட திட்டத்துக்கு வழியில்லாத இடத்தில் அந்தக் கட்டியைத் தொடாமல், உரிய இடத்துக்கு அனுப்பிவைக்க வேண்டும்.

திருப்பூரில் பவர் டேபிளில் தைக்கும் பெண் ஒருவர் என்னிடம் வந்தார். வலது மேற்கையின் வெளிப்புறத்தில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு கட்டி இருந்திருக்கிறது. பல ஆண்டுகளாக மெல்ல மெல்ல வளர்ந்தது. மேசை விளிம்பில் அந்த இடம் இடித்தால் கட்டைவிரலின் பின்புறம் வரைக்கும் சுரீர் என்று மின்சாரம் பாய்ந்ததுபோல் இருக்கும் என்பதைத் தவிர அவருக்குத் தொல்லை எதுவும் இருக்கவில்லை. கொழுப்புக் கட்டி என்று சொல்லி, மரத்துப்போக ஊசி போட்டு, சிறிய அறுவை அரங்கிலேயே எடுத்துவிட்டார்கள். அன்று மாலையே மணிக்கட்டு தொங்கிப்போயிருந்தது. ஊசியின் வீரியம் போனால் சரியாகும் என்றார்கள். பிறகு வீக்கம் வடிந்தால் சரியாகும் என்றார்கள். அதன்பிறகு நரம்புக்குச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அவர் எங்களிடம் வந்து சேர்ந்தபோது ஓராண்டு முடியும் தறுவாயில் இருந்தது. இடக்கையால் வலக்கையைத் தூக்கித் துணியின்மேல் வைத்துத்தான் அவரால் தைக்க முடிந்தது. கத்தரிக்கோலைப் பிடித்தால், விரல்களை விரித்து அதை விடுவிக்க முடியவில்லை. மணிக்கட்டு நிமிராததால் பிடியிலும் வலு இல்லை. பையில் மடித்து வைத்திருந்த திசுப் பரிசோதனை அறிக்கையில் ‘ஸ்வானோமா’ என்று, அதாவது புற்றுநோய் அல்லாத ஒருவகை நரம்புக் கட்டி என்று, தெளிவாக எழுதியிருந்தது. அதோடு நரம்பின் ஒரு துண்டும் இருப்பதாகக் குறிப்பிடப்பட்டிருந்தது. மருத்துவமனையிலிருந்து வெளியேறும்போது தந்த குறிப்பிலோ, கட்டி அகற்றப்பட்டது, நலமாக அனுப்பப்படுகிறார் என்று மட்டுமே இருந்தது. “கட்டி போனா நல்லதுன்னுதானுங்க கையெழுத்துப் போட்டேன். கை போகும்னு யாரும் சொல்லலீங்க” என்று அவர் சொன்னார். கோபமே இல்லாமல்தான் சொன்னார்.

அந்த மருத்துவமனையையோ மருத்துவரையோ குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கமன்று. ஒரு நாளில் எத்தனையோ கட்டிகளைப் பார்க்கும் மருத்துவருக்கு, தோலுக்கடியில் உருளும் கட்டிகளில் மிகப் பெரும்பாலானவை கொழுப்புக் கட்டிகளே என்பது அனுபவத்தில் தெரியும். நரம்புக் கட்டி அரிது. அரிது என்பதாலேயே அதை நினைவில் வைத்துத் தேட வேண்டியிருக்கிறது. தேடுவதற்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை, விரல்நுனி போதும். நரம்பிலிருந்து எழுந்த கட்டி, நரம்பு ஓடும் திசைக்குக் குறுக்காக இருபுறமும் நகரும். நரம்பின் நீளவாக்கில், அதாவது மேலும் கீழுமாக, நகராது. அதை விரலால் மெல்லத் தட்டினால் அந்த நரம்பு உணர்வளிக்கும் பகுதி வரை கூச்சமோ மின்பாய்ச்சலோ ஓடும். 1915-ல் பிரெஞ்சு மருத்துவர் டினல் விவரித்த அடையாளம் இது. மருத்துவ மாணவர்கள் எல்லோரும் படித்ததுதான். இந்த இரண்டில் ஒன்று இருந்தாலும் எம்.ஆர்.ஐ. எடுக்காமல் கத்தி வைக்கக் கூடாது. கட்டியின் இரு முனைகளிலும் நரம்பு நுழைவதும் வெளியேறுவதும் அந்தப் படத்தில் பல நேரம் தெரியும்.

ஊசி வைத்துச் சதை எடுத்துப் பார்ப்பதிலும் இங்கே நிதானம் வேண்டும். கொழுப்புக் கட்டியில் ஊசி குத்துவதுபோல நரம்புக் கட்டியில் குத்தினால் தாங்கமுடியாத வலி வரும். அதோடு உள்ளே உண்டாகும் தழும்பு, பின்னர் மைக்ரோஸ்கோப்பின் கீழ் கட்டியைப் பிரித்தெடுப்பவருக்கு வழியை அடைத்துவிடவும் கூடும். புற்றுநோய் ஐயம் வலுவாக இருக்கும்போது பயாப்சி தேவைப்படலாம். அதைக்கூட, இறுதி அறுவையைச் செய்யப்போகும் குழு முடிவு செய்வதே முறை.

கட்டியின் வகையைப் பொறுத்து நரம்பின் கதி மாறுகிறது என்பதை நோயாளிகளின் குடும்பத்தாரும் படிப்பார்கள் என்பதற்காகச் சற்று விளக்குகிறேன். நரம்பு என்பது ஒற்றை இழை அன்று. பல நூறு, பல ஆயிரம் நுண்ணிழைகள் சிறுசிறு கற்றைகளாகச் சேர்ந்தது. அந்த இழைகளைச் சுற்றி உறையாக இருக்கும் ஸ்வான் செல்களிலிருந்து எழுவது ஸ்வானோமா. பெரும்பாலும் அது தனக்கென ஓர் உறையோடு, ஏதோ ஒரு கற்றையில் தோன்றி, மற்ற கற்றைகளை ஓரமாகத் தள்ளிக்கொண்டு வளர்கிறது. எனவே உருப்பெருக்கிப் பார்த்து, மின்தூண்டியால் தொட்டுத் தொட்டு எந்த இடத்தில் கற்றை இல்லை என்று கண்டறிந்து, அந்த இடத்தில் உறையை நீளவாக்கில் கீறி, கட்டியை மட்டும் உள்ளிருந்து வெளியே எடுத்துவிட முடியும். நரம்பு பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். நியூரோஃபைப்ரோமா அப்படியன்று. துணியில் பாவும் ஊடையும் போலக் கட்டியும் நரம்பிழையும் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடக்கும். அதைப் பிரிப்பது மிகக் கடினம். சில நேரங்களில் கட்டியோடு சேர்த்து நரம்பின் ஒரு பகுதியையே வெட்ட வேண்டி வரும். இரண்டும் புற்றுநோய் அல்ல என்பது உண்மை. ஆனால் எதை எடுத்தால் என்ன போகும் என்ற கணக்கு இரண்டிலும் வேறு.

திருப்பூர்ப் பெண்ணுக்கு இருந்தது ஸ்வானோமா. மணிக்கட்டையும் விரல்களையும் நிமிர்த்தும் அவருடைய ரேடியல் நரம்பை வெட்டாமலே கட்டியை எடுத்திருக்கப் பெரும் வாய்ப்பு இருந்தது.

அந்த வாய்ப்பைக் காப்பதற்கு அறுவை அரங்கில் சில ஏற்பாடுகள் வேண்டும். மைக்ரோஸ்கோப், அது இல்லாவிட்டால் நல்ல உருப்பெருக்கிக் கண்ணாடி, நரம்புத் தூண்டி, நுண்கருவிகள், தலைமுடியைவிட மெல்லிய 9-0, 10-0 நைலான் தையல் இழைகள் எல்லாம் தயாராக இருக்க வேண்டும். இவற்றோடு மயக்க மருத்துவரோடு முன்கூட்டியே பேசிவைப்பதும் முக்கியம். தசை தளர்த்தும் மருந்து உடலில் இருந்தால், நரம்பைத் தூண்டினாலும் தசை துடிக்காது; எது உயிருள்ள கற்றை என்று கண்டுகொள்ளும் வழி அடைபட்டுவிடும். கட்டியைச் சுற்றி மரத்துப்போகும் ஊசி போட்டிருந்தாலும், ரத்தம் வராமல் கட்டும் டூர்னிகே நெடுநேரம் இறுக்கியிருந்தாலும் அதே கதைதான். இத்தனை சிறிய விஷயத்தில் ஒருவருடைய கை காப்பாற்றப்படுகிறது அல்லது போய்விடுகிறது. சிறிய அறுவை அரங்கில், அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து எடுப்பதை இத்தகைய கட்டிகளுக்கு நான் இவ்வளவு வலுவாக எதிர்ப்பதற்குக் காரணம் இதுதான்.

நரம்பைக் காக்க முடியாமல் போகும்போது மறுசீரமைப்பு அங்கேயே, அதே மேசையில், தொடங்க வேண்டும். பெரிய கட்டியை நரம்போடு சேர்த்து வெட்டியபின் இரு முனைகளும் சுருங்கி விலகிக்கொள்ளும். இடைவெளி பல சென்டிமீட்டர் இருக்கும்போது முனைகளை இழுத்துப் பிடித்துத் தைத்தால், அந்த இழுவையிலேயே ரத்த ஓட்டம் குன்றித் தையல் பலனற்றுப் போகும். வியன்னாவின் ஹன்னோ மிலேசி 1960-களிலும் 1970-களிலும் வலியுறுத்திய பாடம் இதுவே: இழுவை இல்லாமல், கற்றைக்குக் கற்றை ஒட்டு நரம்பு வைக்க வேண்டும். கெண்டைக்காலின் பின்புறம் ஓடும் சூரல் நரம்பை இதற்கு எடுப்பது வழக்கம். ஒரு காலிலிருந்தே 30 சென்டிமீட்டருக்கும் மேல் கிடைக்கும். அதைத் துண்டுகளாக்கி, பக்கம் பக்கமாக அடுக்கி, இடைவெளியில் பாலமாக வைத்துத் தைப்பார்கள். இதற்கு நோயாளி கொடுக்கும் விலை, பாதத்தின் வெளியோரத்தில் உணர்வு குறைவதுதான். பெரும்பாலானோர் சில மாதங்களில் அதற்குப் பழகிவிடுகிறார்கள். ஆனால் கையில் கட்டி எடுக்கப் போனவர், விழித்தபோது காலிலும் கட்டுப் போட்டிருப்பதைக் கண்டு திகைக்கக் கூடாது. இந்த வாய்ப்பையும் முன்பே சொல்லி, காலுக்கும் சேர்த்தே ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விடக் காலக்கணக்கு கறாரானது. அறுபட்ட நரம்பிழை மறுபடி வளரும் வேகம் தோராயமாக நாளொன்றுக்கு 1 மில்லிமீட்டர். தசையோ நரம்பின் தொடர்பு இல்லாமல் அதிகபட்சம் 12 முதல் 18 மாதங்கள்தான் காத்திருக்கும்; அதற்குப் பிறகு நரம்பு வந்து சேர்ந்தாலும் ஏற்றுக்கொள்ள அங்கே ஆள் இருக்காது, தசை நாராகியிருக்கும். மேற்கையின் நடுவில் அறுந்த ரேடியல் நரம்பு, மணிக்கட்டை நிமிர்த்தும் தசைகளை அடைய 10 முதல் 15 சென்டிமீட்டர் கடக்க வேண்டும் என்று வைத்தால், நான்கைந்து மாதங்களுக்கு மேலாகும். கையில் சுண்டுவிரல் பக்கமாக ஓடும் அல்னார் நரம்பு முழங்கையருகில் அறுந்தால், உள்ளங்கையின் சிறு தசைகளை எட்ட ஓராண்டுக்கு அருகில் ஆகிவிடும். இப்போது, வீக்கம் வடியட்டும், மாத்திரை வேலை செய்யட்டும் என்று எட்டு, பத்து மாதங்கள் போனபின் ஒட்டு நரம்பு வைத்தால் என்ன ஆகும் என்பதை வாசிப்பவர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். அறுவைக்குப் பின் கையோ காலோ தொங்கிப்போனால், அந்த நரம்பு அறுவை மேசையில் முழுமையாக இருந்ததைக் கண்ணால் பார்த்து எழுதிவைத்திருந்தாலன்றி, காத்திருப்பதற்குக் காரணமே இல்லை.

எனவே, கட்டியை எடுக்கும்போது எதிர்பாராமல் நரம்பு வெட்டுப்பட்டுவிட்டது என்று தெரிந்தால், அதை மறைக்காதீர்கள் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். வெட்டுப்பட்ட இரு முனைகளிலும் நிறத் தையல் ஒன்றைப் போட்டு அடையாளமிட்டு, எத்தனை சென்டிமீட்டர் இடைவெளி என்பதையும் குறிப்பில் எழுதி, நோயாளியிடமும் குடும்பத்தாரிடமும் தெரிவித்து, இரண்டு மூன்று வாரங்களுக்குள் பிளாஸ்டிக் சர்ஜரி அல்லது கை அறுவைப் பிரிவுக்கு அனுப்பிவிடுங்கள். அந்த நிறத் தையலும் அந்த ஒரு வரியும், தழும்புக்குள் முனைகளைத் தேடிப் போகும் அடுத்த மருத்துவருக்கு மணிக்கணக்கில் நேரத்தை மிச்சமாக்கும்.

காலம் கடந்து வருகிறவர்களுக்கும் கதவு முழுவதுமாக மூடிவிடுவதில்லை. தசை இன்னும் உயிரோடு இருந்து, நரம்பு முளைக்கும் தூரம்தான் இடையூறு என்றால், அருகிலுள்ள வேறொரு நரம்பிலிருந்து தேவைக்கு மிஞ்சிய ஒரு கற்றையைப் பிரித்துத் தசைக்கு நெருக்கமாக இணைக்கலாம். இதை நரம்பு மாற்று என்பார்கள். முழங்கையை மடக்கும் பைசெப்ஸ் தசைக்கு அல்னார் நரம்பின் ஒரு கற்றையைக் கொடுக்கும் முறையை 1994-ல் பிரான்சின் ஓபர்லின் வெளியிட்டார். கழுத்திலிருந்து கைக்கு வரும் நரம்புகளின் தொகுதியான புயநரம்புப் பின்னலில் வளர்ந்த கட்டிகளை எடுத்தபின் முழங்கை மடங்காமல் போனவர்களுக்கு இது பெரும் துணை. அந்த அறுவைக்குப் பின்னர் என் வேலை விசித்திரமாகத் தொடங்கும். முழங்கையை மடக்குங்கள் என்று சொன்னால் ஒன்றும் நடக்காது. கையை இறுக்கி முஷ்டி பிடியுங்கள் என்றால் பைசெப்ஸ் லேசாகத் துடிக்கும். அந்தத் துடிப்பைப் பிடித்துக்கொண்டு, வாரக்கணக்கில் பயிற்றுவித்து, முஷ்டி பிடிக்காமலே முழங்கை மடங்கும் நிலைக்கு மூளையைக் கொண்டுவர வேண்டும். முதல் துடிப்பைத் தன் கண்ணாலேயே பார்க்கும் நோயாளியின் முகத்தைப் பார்ப்பதற்காகவே இந்தத் தொழிலில் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றியதுண்டு.

தசையே போய்விட்டால், நன்றாக இயங்கும் வேறொரு தசையின் நாணை அதன் இடத்தில் இணைக்கும் தசைநாண் மாற்று இருக்கிறது. இதில் தமிழ்நாட்டுக்கு உலகறிந்த மரபு உண்டு. 1940-களின் பிற்பகுதியில் வேலூர் சி.எம்.சி.யில் பால் பிராண்டு, தொழுநோயால் விரல் மடங்கிய கைகளுக்குத் தசைநாண் மாற்றிச் செயலைத் திருப்பித் தந்தார். கையை அறுப்பது மட்டுமல்ல, அறுவைக்கு முன்னும் பின்னும் கையைப் பழக்குவதும் சிகிச்சையின் பாதி என்பதை அங்கே நடைமுறையாக்கினார். சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் பேராசிரியர் ஆர். வெங்கடசாமி 1971-ல் தொடங்கிய கை அறுவைப் பிரிவு, அரசு மருத்துவமனை ஒன்றிலேயே இத்தகைய சிகிச்சையை ஏழைகளுக்குக் கொண்டுவந்தது. 2018-ல் இரு கைகளையும் இழந்த ஒருவருக்குக் கொடையாளரின் கைகளைப் பொருத்திய அறுவையும் அங்கேதான் நடந்தது. எனவே இந்தத் திறன் நம்மிடம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. திறன் இருக்கும் இடத்துக்கும் கட்டியோடு வரும் நோயாளிக்கும் நடுவே ஒழுங்கான பாதை இல்லை என்பதுதான் என் ஆதங்கம்.

திருப்பூர்ப் பெண்ணுக்கும் தசைநாண் மாற்றே செய்யப்பட்டது. உள்ளங்கையைக் குப்புறத் திருப்பும் தசையின் நாணை மணிக்கட்டை நிமிர்த்தும் நாணோடும், மணிக்கட்டை மடக்கும் நாண்களில் ஒன்றை விரல்களை விரிக்கும் நாண்களோடும் இணைத்தார்கள். நான்கு வாரக் கட்டுக்குப் பிறகு பயிற்சி தொடங்கினோம். இன்று மணிக்கட்டு நிமிர்கிறது, விரல்கள் விரிகின்றன, பிடி வந்திருக்கிறது. ஆனால் பவர் டேபிளின் வேகத்துக்கு அந்தக் கை ஈடுகொடுக்கவில்லை. இப்போது செக்கிங்கில் இருக்கிறார், தைத்தபோது பீஸ் ரேட்டில் சம்பாதித்ததைவிடக் குறைவான கூலிக்கு. நரம்பு காக்கப்பட்டிருந்தால் இந்த அறுவையும் தேவைப்பட்டிருக்காது, அந்தக் கூலி இழப்பும் நேர்ந்திருக்காது.

பிளெக்ஸிஃபார்ம் நியூரோஃபைப்ரோமா பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நியூரோஃபைப்ரோமடோசிஸ் முதல் வகை, ஏறத்தாழ 3,000 பிறப்புகளில் ஒருவரிடம் காணப்படும் மரபணு நிலை. ஏறக்குறையப் பாதிப்பேருக்குப் பெற்றோர் இருவரிடமும் இல்லாமல் புதிதாகவே தோன்றுகிறது. உடலில் பால் கலந்த காபி நிறத்தில் ஆறோ அதற்கு மேலோ தேமல்கள், அக்குளில் புள்ளிகள் என்று குழந்தைப் பருவத்திலேயே அறிகுறி காட்டும். இவர்களில் பலருக்கு நரம்புக் கிளைகள் நெடுகப் பரவி, தோலையும் தசையையும் ஊடுருவி வளரும் பெருங்கட்டி உண்டாகிறது. அதுவே பிளெக்ஸிஃபார்ம் நியூரோஃபைப்ரோமா. முகத்தில் வந்தால் கண்ணிமையும் கன்னமும் தொங்கிப் பள்ளிக்கூடம் போவதே நின்றுவிடும் குழந்தைகள் இருக்கிறார்கள். காலில் வந்தால் ஒரு கால் மற்றதைவிட மிகவும் பருத்துவிடலாம். சாபம், பார்வை பட்டது, கர்ப்பத்தில் கிரகணம் பிடித்தது என்று ஊர் சொல்லும் வார்த்தைகளில் வளரும் பிள்ளைகள் இவர்கள். பள்ளிகளில் குழந்தைகளைப் பரிசோதிக்கும் மருத்துவக் குழுக்கள் இந்தத் தேமல்களை எண்ணிப் பார்த்தாலே பலரை முன்கூட்டியே கண்டுகொள்ளலாம்.

இத்தகைய கட்டியை எடுக்கும் அறுவையில் முதல் எதிரி ரத்தப்போக்கு. கட்டிக்குள் ஓடும் ரத்தக்குழாய்கள் அகன்று, சுவர் நொய்ந்து, கட்டுப்போட்டாலும் நூலோடு பிய்ந்துவரும். அதனால்தான் முன்கூட்டியே ரத்தக்குழாய்களை உள்ளிருந்து அடைக்கும் சிகிச்சையும், போதிய ரத்த இருப்பும் திட்டத்தில் இருக்க வேண்டும். கட்டியை எடுத்தபின் வெறுமையாக நிற்கும் பெரிய பரப்பை மூடுவதற்குத் தொடையிலிருந்தோ முன்கையிலிருந்தோ தோலையும் கொழுப்பையும் அவற்றின் ரத்தக்குழாயோடு எடுத்து, முகத்திலோ கையிலோ உள்ள ரத்தக்குழாயோடு மைக்ரோஸ்கோப்பின் கீழ் இணைக்க வேண்டி வரும். ஓரிரு மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாய்களை இணைக்கும் இந்தத் தையலில் ஒன்று தவறினால், அடுத்த சில மணி நேரத்தில் ரத்தம் உறைந்து திசு கறுத்துவிடும். எனவே அறுவைக்குப் பின் இரண்டு மூன்று நாட்கள், இரவிலும், அந்தத் திசுவின் நிறத்தையும் வெப்பத்தையும் ஒரு செவிலியர் மணிக்கு மணி பார்த்தாக வேண்டும். அப்படிப் பார்க்க ஆளில்லாத வார்டில் இந்த அறுவையைச் செய்வது நியாயமாகாது.

எல்லாப் பிளெக்ஸிஃபார்ம் கட்டியையும் முழுதாக எடுத்தே தீர வேண்டும் என்பதுமில்லை. நரம்பின் செயலைக் காத்துக்கொண்டு, தொல்லை தரும் பகுதியை மட்டும் குறைப்பது பல நேரம் அறிவான முடிவு. அறுவைக்கு எட்டாத, தொல்லை தரும் கட்டிகள் உள்ள குழந்தைகளுக்கு செலுமெட்டினிப் என்ற மாத்திரைக்கு 2020-ல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. இத்தகைய கட்டிக்கென அங்கே ஒப்புதல் பெற்ற முதல் மருந்து அதுவே. எளிய குடும்பங்களின் கைக்கு எட்டாத விலையில் இருக்கும் அத்தகைய மருந்துகளை அரசு பேரம் பேசி வாங்கும் நாளை நான் எதிர்பார்க்கிறேன். இன்னொரு எச்சரிக்கையும் இங்கே தேவை. இந்த மரபணு நிலை உள்ளவர்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு வாழ்நாளில் நரம்புறைப் புற்றுநோய் வரும் அபாயம் உண்டு. சாதுவாக இருந்த கட்டி திடீரென வேகமாக வளர்ந்தாலோ, கெட்டிப்பட்டாலோ, ஓய்விலும் இரவிலும் வலித்தாலோ, புதிதாக வலுவிழப்பு தோன்றினாலோ ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. மற்றபடி, மெல்ல வளரும் தீங்கற்ற நரம்புக் கட்டிக்கு அவசரம் என்பது இல்லவே இல்லை. பல ஆண்டுகள் இருந்த கட்டி, சரியான குழுவைத் தேடிப் போகும் சில வாரங்களில் எதையும் கெடுத்துவிடாது.

காதுக்குள் செவி நரம்பில் வளரும் ஸ்வானோமாவை எடுத்தவர்களில் சிலருக்கு முகநரம்பு செயலிழக்கிறது. முகம் கோணியதைவிட, மூடாத கண்தான் அங்கே உடனடி அபாயம். சொட்டு மருந்தும், இரவில் இமையை ஒட்டிவைப்பதும் முதல் நாளிலிருந்தே தொடங்காவிட்டால் கருவிழி புண்ணாகிவிடும். முகநரம்பு திரும்பாது என்று உறுதியானவர்களுக்கு, மெல்லும் தசையின் நரம்பைக் கொடுத்துப் புன்னகையை மீட்கும் அறுவை இருக்கிறது. பல்லைக் கடித்தால் உதடு உயரும். பயிற்சியால் பின்னர் அது இயல்பாகும். இதற்கும் காலவரம்பு அதேதான். மூளை அறுவைப் பிரிவும் பிளாஸ்டிக் சர்ஜரிப் பிரிவும் ஒரே வளாகத்தில் இருந்தும், இந்த நோயாளிகள் ஒரு கட்டடத்திலிருந்து மறு கட்டடத்துக்கு வந்துசேர ஓராண்டு ஆவதைக் கண்டு வருந்தியிருக்கிறேன்.

மக்கள் நல்வாழ்வுத் துறையிடம் நான் கேட்பவை செய்யக்கூடியவையே. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு இருக்கிறது. பெரிய நரம்புக் கட்டிக்கு முன் ஒப்புதல் கோரும்போதே, கட்டியை அகற்றுவது, நரம்பு ஒட்டு அல்லது நரம்பு மாற்று, தேவைப்பட்டால் தோல் மூடுவது, பின்னர் தேவைப்படக்கூடிய தசைநாண் மாற்று ஆகிய எல்லாவற்றையும் ஒரே சிகிச்சைத் தொடராகக் கோருவதற்குத் தெளிவான நடைமுறை வகுத்துத் தாருங்கள். வெட்டுவதற்கு ஒரு ஒப்புதல், இணைப்பதற்கு வேறொரு நாளில் வேறொரு ஒப்புதல் என்று பிரிந்து நின்றால் அந்த இடைவெளியில் தசை செத்துக்கொண்டிருக்கும். சென்னையிலும் மதுரையிலும் பிற ஊர்களிலும் உள்ள அரசு மருத்துவக் கல்லூரிகளின் பிளாஸ்டிக் சர்ஜரிப் பிரிவுகளில், மாவட்ட மருத்துவர் ஒருவர் எம்.ஆர்.ஐ. படத்தை அனுப்பி, இதை நான் எடுக்கலாமா, அனுப்பிவிடட்டுமா என்று கேட்பதற்கு ஒரு பொறுப்பாளரையும் ஒரு தொலைபேசி எண்ணையும் ஒதுக்குங்கள். வளர்ந்த கட்டியைத் தான் எடுக்காமல் அனுப்பிவைத்த மருத்துவர், வேலையைத் தட்டிக்கழித்தவராகக் கருதப்படக் கூடாது. நல்ல முடிவெடுத்தவராகக் கருதப்பட வேண்டும்.

பயிற்சி சிகிச்சையைப் பற்றி நான் கூடுதலாக வற்புறுத்துவது என் தொழில் அது என்பதால் மட்டுமன்று. ஒட்டு நரம்பு வைத்தவருக்கு முதல் அசைவு தெரிய அரையாண்டோ அதற்கும் மேலோ ஆகலாம். அத்தனை நாளும் மூட்டுகள் இறுகாமல் ஒவ்வொரு விரலையும் தினமும் அசைத்துவிட வேண்டும், மணிக்கட்டை ஸ்பிளின்ட் என்னும் தாங்கு பட்டை போட்டு நிமிர்த்தி வைக்க வேண்டும், உணர்வற்ற விரல் சூடான தோசைக்கல்லிலோ டீ டம்ளரிலோ பட்டுப் புண்ணாகாமல் காக்க வேண்டும். மூட்டு இறுகிவிட்டால் நரம்பு திரும்பி வந்தும் பயனில்லை. கூலி வேலை செய்கிறவர் ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலியை இழந்து, பேருந்து ஏறி, மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வருவதென்றால் இரண்டு மாதத்தில் நின்றுவிடுவார், அவர்மீது பிழையில்லை. 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்டுகள் வீட்டுக்கே போகிறார்கள். நரம்பு மறுசீரமைப்பு செய்துகொண்டவர்களின் பெயரையும் அவரவர்க்குரிய பயிற்சிக் குறிப்பையும், அறுவை செய்த மருத்துவமனையிலிருந்தே அந்தந்த வட்டாரத்தின் பிசியோதெரபிஸ்டுக்கு அனுப்பும் ஏற்பாடு ஒன்று இருந்தால் போதும். அந்தப் பணியாளர்களுக்கு நரம்புக் காயக் கைகளுக்கான ஸ்பிளின்ட் செய்யவும், நரம்பு முளைத்து வருவதைத் தட்டிப் பார்த்து மாதந்தோறும் குறிக்கவும், நரம்பு மாற்றுக்குப் பின் தசையை மறுபடி பழக்கவும் சில நாள் பயிற்சி தரப்பட வேண்டும். அப்பயிற்சியை நடத்த என்னைப் போன்று இத்துறையில் பணியாற்றுகிறவர்கள் முன்வருவோம். நாளும் இடமும் தெரிவித்தால் வருகிறேன்.

மரியாதையுடன்,

கை மறுவாழ்வுச் சிகிச்சையில் பணியாற்றும் பிசியோதெரபிஸ்ட் ஒருவர்
கோயம்புத்தூர்